எட்டப்பன் எந்த நாட்டுக்குத் துரோகம் செய்தார்? வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கும் மேலாய்வாளர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் எழுதும் வரலாற்று நூல்களை வைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பு நடத்தி ஓய்வுபெற்றவன் நான். குறை சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. நான் படித்த காலத்துப் புத்தகங்களோடு ஒப்பிட்டால் இன்றைய நூல்கள் பலவகையிலும் மேலானவை. ஆனால் ஒரே ஓர் இடத்தில் பழைய நூலும் புதிய நூலும் ஒரே மாதிரி வழுக்குகின்றன. நாடு, தேசம், தேசிய உணர்வு என்ற சொற்களை இன்றைய பொருளிலேயே எடுத்துக்கொண்டுபோய், அப்பொருளை அறியாத காலத்து மனிதர்களின் வாயில் வைத்துவிடுகின்றன. அதைப் பற்றியதுதான் இம்மடல்.

பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் ஒருநாள், கட்டபொம்மன் பாடத்தை முடித்த பிறகு எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, எட்டப்பன் எந்த நாட்டுக்குத் துரோகம் செய்தார் என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டான். இந்தியாவுக்கா என்றால், 1799இல் அப்படி ஓர் அரசு இல்லை என்று முந்தைய பாடத்தில் நானே சொல்லியிருந்தேன். தமிழ்நாட்டுக்கா என்றால், அதுவும் அன்று இல்லை. கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக்கா என்றால், அது எட்டப்பனின் குடும்பமான எட்டயபுரத்தாரின் நாடே அன்று. பக்கத்துப் பாளையம் அது. இரு பாளையங்களுக்கும் இடையே எல்லைத் தகராறு கிழக்கிந்தியக் கும்பினி தலையிடுவதற்கு முன்பே இருந்தது. அன்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தச் சமாளிப்பு இன்றும் உறுத்துகிறது.

பாளையக்காரர் முறை மதுரை நாயக்கர் காலத்தில் அமைந்தது. படை தருவதும் திறை செலுத்துவதும் பாளையக்காரரின் கடமை. நாயக்கர் ஆட்சி மறைந்தபின் திறைக்கு உரிமை கோரியவர் ஆர்க்காட்டு நவாபு. அவரோ கும்பினியிடம் கடனில் மூழ்கியவர். 1792 உடன்படிக்கையின்படி பாளையங்களிடம் திறை தண்டும் உரிமை கும்பினியின் கைக்குப் போனது. கட்டபொம்மனுக்கும் ஆட்சியர் ஜாக்சனுக்கும் 1798இல் இராமநாதபுரத்தில் நேர்ந்த மோதல் இந்தத் திறைப் பாக்கியில் தொடங்கியதுதான். மறு ஆண்டு கும்பினித் தளபதி பானர்மனின் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தது. எட்டயபுரத்தார் கும்பினியின் பக்கம் நின்றனர். புதுக்கோட்டைத் தொண்டைமான் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தார். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கு. பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம் ஆகிய இரண்டு பாளையக்காரக் குடும்பங்களும் தெலுங்கு பேசும் மரபிலிருந்து வந்தவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பகையை இனமோ மொழியோ தேசமோ விளக்கவில்லை என்பது தெளிவாகும். எட்டயபுரத்தார் செய்தது தன் பாளையத்தைக் காத்துப் பெருக்கிக்கொள்ளும் கணக்கு; அது சிறுமையான கணக்கு என்று நானும் நினைக்கிறேன். ஆனால் சிறுமை வேறு, தேசத்துரோகம் வேறு. தேசம் என்று ஒன்று மனத்தில் இருந்தால்தான் அதற்குத் துரோகம் செய்ய முடியும். இன்று காட்டிக்கொடுப்பவன் எவனாயினும் ‘எட்டப்பன்’ என்கிறோம். ஒரு குடும்பப் பெயர் வசைச்சொல்லாகிவிட்டது. 1959இல் வெளிவந்த திரைப்படம் அந்தச் சொல்லை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. படத்துக்கு அந்த உரிமை உண்டு. பாடநூலுக்கு இல்லை.

கட்டபொம்மனைக் காட்டிலும் நீங்கள் நின்று பார்க்க வேண்டிய இடம், அவருக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து 1801 ஜூனில் சிவகங்கையின் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை. திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட அந்த அறிக்கையை, இந்தியரை ஒன்றுதிரட்டிய தொடக்ககால அறைகூவல் என்று வகுப்பறையில் சொல்லித் தருகிறோம். அப்படிச் சொல்வதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள் என்று எல்லாரையும் பெயர் சொல்லி விளித்து, ஐரோப்பியரைத் துரத்த ஒன்றுசேருங்கள் என்று கூப்பிட்ட இப்படி ஓர் அறிக்கை அக்காலத்தில் அரிது. ஆனால் அது யாரை, எந்த நிலத்தவர் என்று அழைக்கிறது? ஜம்புத்தீவில் வாழ்வோரை. இந்தியா என்றோ தமிழ்நாடு என்றோ அதில் இல்லை.

ஜம்புத்தீவு பழைய சொல். அசோகரின் சிறு பாறைக் கட்டளையில் ‘ஜம்புதீப’ வருகிறது. நம் இலக்கியத்தில் நாவலந்தீவு வருகிறது. கோயிலில் சங்கற்பம் செய்யும்போது இன்றைக்கும் அர்ச்சகர் வாயிலிருந்து ‘ஜம்புத்வீபே’ என்று வருகிறது. புராணங்களின் உலகப் படத்தில் மேருமலையைச் சூழ்ந்த பெருநிலம் அது. பரத கண்டம் அதனுள் ஒரு பகுதி. ஆட்சி எல்லை வரைந்து காட்டக்கூடிய நாடு அன்று. தருமமும் வழக்கமும் நிலவும் நிலம். அந்த நிலத்தில் அந்நியர் புகுந்து முறை கெட்டுவிட்டது என்பதே அறிக்கையின் முறையீடு. ஐரோப்பியருக்கு இடம் கொடுத்த நவாபு இன்று கைம்பெண் போல ஆகிவிட்டார் என்கிறது. தீர்வாக அது கேட்பது என்ன? ஆர்க்காடு நவாபுக்கு, தஞ்சை அதன் மன்னருக்கு என்று, அவரவர் நாடு பரம்பரை உரிமையுள்ள அவரவரிடமே மீள வேண்டும் என்பது. மக்களே ஆள வேண்டும் என்று அது கேட்கவில்லை. ஒரே அரசு வேண்டும் என்றும் கேட்கவில்லை.

இதைச் சொல்வதால் பெரிய மருது, சின்ன மருது என்ற மருதிருவரின் பெருமை குன்றிவிடாது. எனக்கு அது கூடுவதாகவே படுகிறது. தேசம் என்ற ஆயத்தச் சொல் கையில் இல்லாத காலத்தில், இருந்த சொற்களைக் கொண்டே, சாதியும் சமயமும் கடந்து ஒரு கூட்டணியைக் கட்ட முயன்றவர்கள் அவர்கள். அந்தக் கூட்டணியின் வரைபடத்தை ஒருமுறை வரைந்து பாருங்கள். சிவகங்கை, பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை, விருப்பாட்சியின் கோபால நாயக்கர், கொங்கு நாட்டார், மலபாரில் கேரளவர்மப் பழசிராஜா, கன்னட நாட்டில் தோண்டியா வாக் என்று அது விரிகிறது. பேராசிரியர் கே. ராஜய்யன் 1971இல் எழுதிய நூலில் இதைத் தென்னிந்தியக் கிளர்ச்சி என்றே அழைத்தார். அந்நூல் அதற்கு ‘முதல் சுதந்திரப் போர்’ என்றொரு துணைத்தலைப்பையும் சூட்டிக்கொண்டது வேறு கதை. அந்தக் கிளர்ச்சியின் பரப்பு இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் அடங்கவில்லை; இந்தியா என்ற எல்லையை நிரப்பவுமில்லை. நம் நூலில் அச்சாகும் படமோ மாநில எல்லைக்கோட்டின் உள்ளே சில புள்ளிகளை மட்டும் வைக்கிறது. கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் அப்படியே மறைந்துபோகிறார்கள்.

இன்னொன்று: இந்த அறிக்கையை நாம் வாசிப்பது கும்பினி ஆவணங்களில் உள்ள ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக. அதில் வரும் ஒவ்வொரு அரசியல் சொல்லுக்கும் பின்னால் எந்தத் தமிழ்ச் சொல் நின்றிருக்கும் என்று கேட்பதே பத்தாம் வகுப்புக்கு அருமையான பயிற்சி. இனமா, சாதியா, நாடா, தேசமா? அந்தக் கேள்வியை மாணவரிடம் கொண்டுபோகாமல், விடையை மட்டும் கட்டம் கட்டி அச்சிடுகிறோம்.

‘முதல்’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1857 முதல் சுதந்திரப் போர் என்றார்கள். 1806 வேலூர்ப் புரட்சியே முதல் என்றோம். அதற்கும் முன்னர் 1801 என்றோம். பூலித்தேவரே முதல் என்று நெல்லைச் சீமையில் சொன்னோம். ஒடிசாவில் 1817 பைக்கா எழுச்சியே முதல் என்கிறார்கள். இந்தப் போட்டியில் ஓடுகிறவர் எல்லாரும் ஓடும் திசை ஒன்றுதான்: 1947. அந்த ஆண்டை நோக்கி வரிசையில் நிற்கவைப்பதற்காக ஒவ்வொரு கிளர்ச்சியையும் அதன் சொந்தக் காரணங்களிலிருந்து பிடுங்கி எடுக்கிறோம். வேலூர்ச் சிப்பாய்கள் 1806 ஜூலை 10 விடியலில் எழுந்தது புதிய தலைப்பாகை, தாடி, சமயக்குறி பற்றிய ஆணைகளாலும், கோட்டைக்குள் காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளைச் சுற்றி எழுந்த நம்பிக்கையாலும். இவற்றை ‘உடனடிக் காரணம்’ என்ற ஒரு வரியில் தள்ளிவிட்டு, ‘விடுதலை வேட்கை’யை முதன்மைக் காரணமாக்குவது விளக்கம் ஆகாது.

எல்லாவற்றையும் தேசத்தின் கதையாகவே பார்க்கும் இந்தச் சட்டகம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் அறிவீர்கள். இந்தியாவுக்கே வராத ஜேம்ஸ் மில் 1817இல் வெளியிட்ட வரலாற்றில் இந்து, முகமதிய, பிரித்தானியக் காலங்கள் என்று பிரித்தார். பின்வந்த தேசியவாத வரலாற்றாசிரியர்கள் அவருடைய முடிவுகளை மறுத்தார்கள், கேள்வியை மறுக்கவில்லை. உங்களுக்கு ஒற்றுமை இருந்ததா, பேரரசு இருந்ததா என்று மில் போன்றவர்கள் கேட்டதற்கு, இருந்தது, இதோ சமுத்திரகுப்தர் என்றார்கள். அதே கேள்விக்குத் தமிழறிஞர்கள், இருந்தது, இதோ சோழர் என்றார்கள். கனகசபைப் பிள்ளை 1904இல் பழந்தமிழர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது, தென்னாட்டுக்கும் தனி வரலாறு உண்டு என்று நிறுவ வேண்டிய கட்டாயம் இருந்தது; அவரைக் குறை சொல்ல மாட்டேன். நூற்றிருபது ஆண்டு கழித்தும் நாம் அதே கேள்விக்கே விடை எழுதிக்கொண்டிருப்பதுதான் வருத்தம்.

சோழரையே எடுத்துக்கொள்வோம். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு ஊர்ப்பெயரை எப்படிச் சொல்கிறது? ‘பாண்டியகுலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர்.’ தஞ்சாவூர் இருந்த வளநாட்டின் பெயரே ‘பாண்டியர் குலத்துக்கு இடி’. அதே கோயிலின் வெளிவாயிலுக்குப் பெயர் ‘கேரளாந்தகன்’. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் தீக்கிரையாக்கியதைத் தன் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டின் புகழுரையில், பெருமையாகவே பொறித்துக்கொண்டான். ஒரே தமிழினத்தின் பேரரசு என்று எழுதும் பத்திக்கு அடுத்த பத்தியிலேயே இவையும் வருகின்றன. இரண்டையும் படிக்கும் மாணவன் எதை நம்புவான்?

‘நாடு’ என்ற சொல்லும் அப்படியே. சோழர் கல்வெட்டில் நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்த வேளாண் வட்டாரம். நாட்டார் கூடி முடிவெடுக்கும் அளவே உள்ள சிறு நிலம். அதற்குமேல் வளநாடு, அதற்கும்மேல் மண்டலம். எ. சுப்பராயலு சோழநாட்டின் ஊர்களையும் நாடுகளையும் கல்வெட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தொகுத்து வரைபடமாக்கினார். அந்த உழைப்பு பாடநூலுக்கு இன்னும் முழுதாக வந்துசேரவில்லை. ‘எங்கள் நாட்டு வழக்கம் இது’ என்று தஞ்சை, மதுரைப் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்லும்போது அந்த நாடு இந்தியாவும் அன்று, தமிழ்நாடும் அன்று. சுற்றியுள்ள சில ஊர்கள். மாணவன் வீட்டில் கேட்கும் அந்தச் சொல்லிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாமே.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத் தவறையும் தடுக்க வேண்டியிருக்கிறது. தேசியம் அண்மையில் பிறந்தது என்றால், தமிழ் என்ற உணர்வே அண்மையது என்று பொருளாகாது. தொல்காப்பியப் பாயிரம் வடவேங்கடத்துக்கும் தென்குமரிக்கும் இடைப்பட்ட நிலத்தைத் ‘தமிழ்கூறு நல்லுலகம்’ என்கிறது. மொழி மாறும் இடத்தில் நிலமும் வேறாகிறது என்ற உணர்வு குறுந்தொகையின் ‘மொழிபெயர் தேஎத்தர்’ என்ற தொடரில் இருக்கிறது. புறநானூறு மூவேந்தரையும் சேர்த்துத் ‘தண்டமிழ்க் கிழவர்’ என்று, ஒரு சொத்துக்கு மூன்று உரிமையாளர் இருப்பதுபோலப் பேசுகிறது. 168ஆம் பாட்டில் ‘தமிழகம்’ என்ற சொல்லே வருகிறது. சிலப்பதிகாரத்தில், கடலை வேலியாக உடைய நிலம் முழுவதையும் தமிழ்நாடாக்குவது பற்றிச் செங்குட்டுவனின் அவையில் பேச்சு எழுகிறது. அந்தச் செங்குட்டுவன் சேரன் என்பதையும், சேரரைக் கேரளப் பாடநூல்களும் தம்மவர் என்றே எழுதும் என்பதையும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். ஆகவே மொழியால் ஒன்றான நிலம் என்ற நினைவு மிகப் பழையது. ஆனால் அந்த நிலத்தின் குடிகள் அனைவரும் சமம், ஆளும் உரிமை அவர்களுடையது என்ற எண்ணம் அதில் இல்லை. அது பின்னால் வந்தது. வந்த வழியையும் நாம் காட்ட முடியும்.

1882ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். அவ்வாண்டு மார்ச்சில் பாரிசில் பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான், தேசம் என்றால் என்ன என்ற உரையை நிகழ்த்தினார். ஒரு தேசம் உருவாக மறதியும், வரலாற்றுப் பிழையும்கூட வேண்டியிருக்கிறது என்றார். அதே ஆண்டில் சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் ‘சுதேசமித்திர’னைத் தொடங்கினார், திருநெல்வேலிக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் ஒரே செய்தியைத் தமிழில் படித்துத் தம்மை ஒரு கூட்டமாக எண்ணிப்பார்க்க அது வழிசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில் பாரதி பிறந்தார். எங்கே? எட்டயபுரத்தில். பாரதி என்ற பட்டமே அவருக்கு எட்டயபுரத்தில் கிடைத்ததுதான். ‘செந்தமிழ் நாடு’ என்றும் ‘பாரத நாடு’ என்றும் இரண்டையுமே நாடு என்று பாடி, இரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாகவே கருதாத கவிஞர், துரோகத்துக்கு உவமையாகிவிட்ட ஊரிலிருந்துதான் வந்தார். நம் பாடநூல்களில் இந்த இரண்டு எட்டயபுரங்களும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

ஈழத்தைப் பற்றிச் சுருக்கமாக. இராஜராஜன் காலத்துப் படையெடுப்பில் அனுராதபுரம் வீழ்ந்தது. இராஜேந்திரன் காலத்தில் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். ஈழம் மும்முடிச்சோழ மண்டலமாகவும், பொலன்னறுவை ஜனநாத மங்கலமாகவும் பெயர் மாறின. நமக்கு இது வெற்றிப் பாடம். பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ள சிங்கள மாணவனுக்கு இதே செய்தி அழிவின் பாடம். இரண்டு வகுப்பறைகளுமே அன்றைய படைகளைத் தமிழர், சிங்களவர் என்ற இன்றைய இரண்டு தேசங்களின் படைகளாக எண்ணிக்கொள்கின்றன. அந்த எண்ணத்தின் விலையை நம் காலத்தில் கொடுத்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரை என்ற பௌத்தப் பள்ளி, அதாவது துறவிமடம், இருக்கிறது. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அதை இராஜராஜப் பெரும்பள்ளி என்கின்றன. அங்கே கொடையளித்தவர்கள் தமிழ்ப் பௌத்தர்கள். இரு பக்கத்துப் பாடநூலிலும் இடம் பெறாதவர்கள் அவர்கள். அந்தப் பள்ளியின் படம் ஒன்று உங்கள் நூலில் வந்தால், ஒரு பக்கம் விளக்கம் எழுதுவதைவிடப் பயன் தரும்.

2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் இராஜேந்திரனை நடுவணரசும் கொண்டாடியது, மாநில அரசும் கொண்டாடியது. ஒருவருக்கு அவன் இந்தியக் கடல்வலிமையின் முன்னோடி. மற்றவருக்குத் தமிழர் வீரத்தின் உச்சம். அரசுகள் விழா எடுக்கட்டும். அரசுகளின் வேலை அது. நீங்கள் விழாக்குழு அல்லீர்.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய மாற்றங்கள் அல்ல. 1801 அறிக்கையைப் பற்றிய விளக்கத்துக்கு முன்னால் அறிக்கையையே, கிடைத்த அளவில், தமிழில் அச்சிடுங்கள். 1956க்கு முற்பட்ட காலத்தைக் காட்டும் படங்களில் இன்றைய மாநில எல்லைக்கோட்டைப் போடாதீர்கள். தேவையானால் மெல்லிய புள்ளிக்கோடாகப் போட்டு, அது அக்காலத்தது அன்று என்று அடியில் எழுதுங்கள். ‘தேசம்’ என்பதை எல்லாப் பாடங்களையும் போட்டுவைக்கும் பாத்திரமாக வைக்காமல், அதையே ஒரு பாடமாக்குங்கள். தமிழ்நாடு என்ற பெயருக்காகச் சங்கரலிங்கனார் உண்ணாவிரதமிருந்து 1956 அக்டோபரில் உயிர்நீத்ததையும், 1967 ஜூலையில் சட்டமன்றம் பெயர்மாற்றத் தீர்மானம் நிறைவேற்றியதையும், 1969 பொங்கல் நாளில் அது நடைமுறைக்கு வந்ததையும், நேசமணியின் போராட்டத்தால் கன்னியாகுமரி இணைந்ததையும், தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டதையும் ஒரே பாடத்தில் சேர்த்துச் சொன்னால், தான் நிற்கும் எல்லை தன் தாத்தா காலத்தில்தான் வரையப்பட்டது என்பது மாணவனுக்குப் புரியும். அந்தப் புரிதலால் அவன் மண்ணின் மேல் வைத்த பற்று குறையும் என்று நீங்கள் அஞ்ச வேண்டாம். பெயருக்காக ஒருவர் உயிரைக் கொடுத்தார் என்று அறிந்தவனுக்குப் பற்று கூடத்தான் செய்யும்.

கடைசியாக, கட்டபொம்மன் பாடத்தின் பின்பக்கப் பயிற்சியில் காட்டிக்கொடுத்தவர் யார் என்று கேட்கும் ஒரு மதிப்பெண் வினா இனி வேண்டாம். அந்த இடத்தில் என் மாணவன் கேட்டதையே ஐந்து மதிப்பெண் வினாவாக வைத்துவிடுங்கள்: எட்டப்பன் எந்த நாட்டுக்குத் துரோகம் செய்தார்? விடைக்குறிப்பு தர வேண்டாம். வகுப்பு நடத்தும் ஆசிரியரும் அவர்களோடு சேர்ந்து யோசிக்கட்டும். நான் அன்று யோசிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் ஒருவன்